சூடு ஆற பச்சவெள்ளம் சேர்க்காதீங்க: மழைக்காலக் கிணறும் மஞ்சக்காமாலையும்

குமரி மாவட்டத்தில் குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் எந்த வீட்டில் தாகத்துக்குக் கேட்டாலும் செவந்த நிறத்தில், இளஞ்சூடாக ஒரு செம்பு வெள்ளம், அதாவது குடிதண்ணீர், வரும். பதிமுக மரச்சீவலோ கருங்காலியோ போட்டிருப்பார்கள். இரண்டும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீரகம். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை போனாலும் இதே வழக்கம்தான். இவ்வளவு கவனமாகக் காய்ச்சிக் குடிக்கிற ஊரில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை வலுத்ததும் மஞ்சக்காமாலை எப்படி வருகிறது? அந்த இளஞ்சூடுதான் காரணம்.

அஞ்சு லிட்டர் பானை கொதித்து இறங்கி, மூடியோடு தானாக ஆறிக் குடிக்கிற பதத்துக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதுவரை யார் காத்திருப்பார்? பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை வெள்ளம் கேட்கும். ஆச்சி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "சூடா இருக்கு மக்களே, கொஞ்சம் பச்சவெள்ளம் சேத்துக் குடி." காய்ச்சாத அந்த அரை டம்ளர் பச்சவெள்ளத்தில்தான் எல்லாம் கெடுகிறது. 80 டிகிரி சூட்டில் இருக்கும் வெள்ளத்தில் அதே அளவு கிணற்று வெள்ளம் சேர்த்தால் மொத்தமும் 55 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். மஞ்சக்காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும். அது சாக 85 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடமாவது வேண்டும். ஆக, காய்ச்சின பானையில் பச்சவெள்ளம் ஒரு செம்பு விழுந்தாலும் எரித்த கேஸ் வீண்.

கல்யாண வீட்டில் இது இன்னும் மோசம். ஆயிரம் பேருக்குக் காய்ச்சி ஆறவைக்க அண்டாவும் கிடையாது, நேரமும் கிடையாது. கொஞ்சம் வெள்ளத்தைக் கொதிக்கவிட்டு, தாகசமனி என்கிற மூலிகைப் பொடி போட்டு, மீதியைக் குழாயில் பிடித்து நிரப்பிவிடுவார்கள். நிறமும் இருக்கும், கைக்குச் சூடும் தெரியும். நிறத்தைப் பார்த்து நம்புவதுதான் நமக்குப் பழகிப்போன தப்பு. வரவேற்பு ஜூஸ், அதில் போடும் ஐஸ், சம்பாரம் (நீர்மோர்), தேங்காய்ச் சட்னி, இலை தெளிக்கும் வெள்ளம் என்று மற்ற வழிகளும் உண்டு. ஒரே நீராதாரம் கெட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024இல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்ஙூர் பஞ்சாயத்தில் நடந்ததே போதும். அங்கே 200 பேருக்கும் மேல் படுத்தார்கள், உயிர்ச்சேதமும் உண்டு.

வீட்டில் இதற்கு வழி சுலபம், இரண்டு பானை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒன்றைக் காய்ச்சி மூடிவைத்தால் காலைக்கு ஆகும். காலையில் காய்ச்சுவது சாயங்காலத்துக்கு. வெள்ளம் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் போதும், மேலும் இருபது நிமிடம் எரிப்பது கேஸுக்குத்தான் செலவு. ஆனால் ஓரத்தில் சின்னக் குமிழி வருவதைக் கொதி என்று எண்ணிவிடக் கூடாது. நடுவில் புரண்டு கொதிக்க வேண்டும். அவசரமாக ஆற வேண்டுமானால் மூடிய பாத்திரத்தை ஒரு பேசினில் பச்சவெள்ளம் ஊற்றி அதில் இறக்கி வையுங்கள். பேசினில் இருப்பது வெளியிலேயே இருக்கட்டும். காய்ச்சின பானையிலேயே ஆறட்டும், குடத்துக்கு மாற்ற வேண்டாம். அந்தக் குடத்தைக் கழுவியது எந்த வெள்ளத்தில் என்று யோசித்தால் காரணம் தெரியும். டம்ளரை முக்கி எடுப்பதை விட்டுக் குழாய் வைத்த பாத்திரம் வாங்கிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

ஃபில்ட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பீங்கான் கேண்டில் ஃபில்ட்டர் சேற்றையும் ஓரளவு பாக்டீரியாவையும் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. யூவி (புற ஊதா ஒளி) மெஷின் வைரஸைக் கொல்லும்தான், ஆனால் வெள்ளம் தெளிவாக இருந்தால் மட்டும். நம்ம பக்கத்துச் செம்மண் வெள்ளத்தில் இரும்பு அதிகம். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாயில் செம்பழுப்பாகப் படிந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். விளக்கு எரியும், வேலை நடக்காது. மழைக்காலத்துக்கு முன்னால் ஆளை வரவழைத்து அந்தக் குழாயைத் துடைக்கச் சொல்லுங்கள்.

இனி கிணறு. மழையில் மட்டும் ஏன் கெடுகிறது என்பது தெரிந்தால் மற்றது எல்லாம் தானாக விளங்கும். பங்குனியில் 30 அடிக்குக் கீழே கிடக்கும் வெள்ளம் ஆடியில் கைக்கெட்டும் தூரத்துக்கு ஏறி வரும். நிலத்துக்குள் வெள்ளம் ஏறும்போது பக்கத்தில் இருக்கும் கக்கூஸ் குழியையும் அது தொடுகிறது. கோடையில் குழிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் 20 அடி மண் இருந்து வடிகட்டிக் கொடுத்தது. மழையில் அந்த மண்ணே நனைந்து இரண்டும் ஒன்றாகிறது. வெட்டுக்கல் பாறையில் ஓட்டை ஓட்டையாக வழி வேறு இருக்கும், வடிகட்டாமலே ஓடிவரும். செப்டிக் டேங்க் என்று நாம் சொல்லுவதில் பலதும் அடித்தளம் போடாத உறைக்குழிதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. அஞ்சு சென்ட் புரையிடத்தில் அது எங்கே நடக்கும்? நம்ம குழியை 50 அடி தள்ளி வைத்தாலும் மதிலுக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் குழி 12 அடியில் இருக்கும். புது வீடு கட்டும்போது இதைப் பற்றி மதிலுக்கு மேலே தலைநீட்டிப் பேசிக்கொள்ளும் வழக்கம் இன்னும் வரவில்லை. இருக்கிற வீட்டில் செய்யக்கூடியது கிணற்றின் மேல்பகுதியைச் சரிசெய்வது. பலத்த மழை நிற்கும் நேரத்தில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மேலேயிருந்து இரண்டாவது மூன்றாவது உறைக்கு நடுவில் உள்ள இணைப்பில் காபி நிறத்தில் ஒரு கோடு வடிந்துகொண்டிருக்கும். அது ஊற்று கிடையாது, முற்றத்து வெள்ளம். கோடையில் அந்த இணைப்புகளைச் சிமென்ட் வைத்து அடைக்கலாம். மேலிருந்து 20 அடி வரைக்கும் ஒழுகாத சுவர் இருப்பது நல்லது. கைப்பிடிச் சுவர் இரண்டரை அடி, சுற்றிலும் மூன்றடிக்குச் சிமென்ட் தளம், தளம் வெளிப்பக்கம் சாய்வாக. துணி துவைக்கும் கல் கிணற்றங்கரையிலேயே இருந்தால் அதை முதலில் நகர்த்துங்கள். மேலே வலை கட்டாயம் வேண்டும். ரப்பர் இலை விழும், வவ்வால் எச்சம் விழும், சில வருஷம் எலியும் விழும்.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். இதில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. "ஒரு பிடி அள்ளிப் போட்டேன்" என்பார்கள். யாருடைய பிடி, எத்தனை லிட்டருக்கு?

முதலில் வெள்ளத்தின் அளவு. கயிற்றில் கல் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளந்தால் ஆழம் கிடைக்கும். கிணற்றின் உள்விட்டத்தை டேப் வைத்து அளக்கலாம். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, கடைசியில் 22ஆல் பெருக்குங்கள். எல்லாம் அடியில் இருந்தால் விடை லிட்டரில் வரும். 6 அடி விட்டம், 10 அடி வெள்ளம் என்றால் 6 × 6 × 10 × 22, ஏறக்குறைய 8,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் 20 கிராம் போதும். வெள்ளப்பெருக்கு வந்து கிணற்றில் கலங்கல் இறங்கியிருந்தாலோ, பக்கத்தில் நோய் இருந்தாலோ இரண்டு மடங்கு, அதாவது 40 கிராம். மழையில் ஆழம் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் கல்லை இறக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பூன் கணக்கு நம்பாதீர்கள். சமையல்கட்டுத் தராசு இல்லாவிட்டால் பலசரக்குக் கடையில் பொட்டலமாக நிறுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு 33 சதவீதம் குளோரின் உள்ள நல்ல பவுடருக்கு. திறந்த சாக்கிலிருந்து அள்ளிக் கொடுக்கும் பவுடரில் அது இருக்காது. மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுட்டால் நல்லது. கட்டிகட்டியாக, ஈரம் பிடித்து, மணமில்லாமல் இருந்தால் வெறும் சுண்ணாம்புதான் மிச்சம். ஈரம், வெளிச்சம், சூடு மூன்றும் அதற்கு ஆகாது.

சாயங்காலம் கடைசிக் குடம் எடுத்து முடித்த பிறகு வேலையை ஆரம்பியுங்கள். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டு, கொஞ்சம் வெள்ளம் விட்டு, கம்பால் கட்டியில்லாமல் குழையுங்கள். பிறகு வாளியில் முக்கால் அளவுக்கு வெள்ளம் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சுண்ணாம்பு அடியில் வெள்ளையாக இறங்கி மேலே தெளிந்து நிற்கும். வேண்டியது அந்தத் தெளிவு மட்டும். அதை இன்னொரு வாளிக்கு மெதுவாகச் சாய்த்து எடுத்துக்கொண்டு, அடியில் இருப்பதைக் குழிதோண்டி மூடுங்கள். பவுடரை நேராகக் கிணற்றில் தூவினால் பாதி கரையாமல் அடியில் போய்ச் சேரும், வெள்ளத்துக்குச் சுண்ணாம்புச் சுவையும் வரும்.

தெளிந்ததை மேலேயிருந்து ஊற்றினால் மேல்மட்டத்தோடு நின்றுவிடும். வாளியைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். பிளாஸ்டிக் வாளி மிதக்கும் என்பதால் உள்ளே கழுவிய கருங்கல் ஒன்று வைக்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் பலமாக ஆட்டி, பத்துப் பதினைந்து தடவை கலக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் வெள்ளம் எடுக்கக் கூடாது, ராத்திரி முழுக்க விட்டால் உத்தமம். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு காற்று வரும் பக்கம் நின்று செய்யுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட் இருந்த வாளியை இதற்கு எடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நெஞ்சை அடைக்கும்.

விடிந்ததும் வெள்ளம் செம்பழுப்பாக இருக்கிறதே என்று நிறையப் பேர் பயந்து, அடுத்த தடவை குளோரின் போடுவதையே விட்டுவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. வெள்ளத்தில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்த இரும்பைக் குளோரின் துருவாக மாற்றி வெளியே காட்டியிருக்கிறது. ஒருநாள் விட்டால் அடியில் படியும். ஆனால் ஒரு கணக்கு உண்டு. அந்த இரும்பும் கலங்கல் மண்ணும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. அதனால் கலங்கல் தெளிந்த பிறகுதான் போட வேண்டும். போட்ட ஒரு மணி நேரத்துக்கு அப்புறமும் லேசாகக் குளோரின் மணம் வர வேண்டும். சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்க்கும் சின்ன டெஸ்ட் கிட் மலிவாகக் கிடைக்கும், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் கோட்டைக் காட்டினால் சரி.

மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றும் வீட்டில் கிணறு மட்டும் சுத்தமாகிப் பலனில்லை. தொட்டியைக் காலிசெய்து அடிச்சேற்றைத் தேய்த்துக் கழுவி, குளோரின் போட்ட வெள்ளத்தையே ஏற்றி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து மணம் வந்ததும் மூடி, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். ஓவர்ஃபுளோ குழாயின் வாயில் ஒரு துண்டு கொசுவலை கட்டினால் டெங்கு கொசுவுக்கும் வழி அடையும்.

இவ்வளவும் செய்தாலும் குளோரின் ஒன்றிரண்டு நாளில் போய்விடும், ஏனென்றால் ஊற்று ஊறிக்கொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருதடவை போடலாம், குடிக்கிறதை அப்போதும் காய்ச்சத்தான் வேண்டும். குளோரின் எதற்கு என்றால் பல்தேய்ப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் குளிப்பதற்கும் எடுக்கும் வெள்ளத்துக்கு. 2025இல் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் வந்தபோது கிணறுகளுக்குக் குளோரின் போடும் வேலை மாநிலம் முழுக்க நடந்தது நினைவிருக்கும். அந்த அமீபா குடித்தால் வராது, பெரும்பாலும் மூக்கு வழியாக ஏறித்தான் வரும். அது வேறு கதை.

வீட்டில் ஒருவருக்கு வந்தேவிட்டால்?

ஆரம்பத்தில் யாரும் மஞ்சக்காமாலை என்று நினைப்பதில்லை. லேசான காய்ச்சல், உடம்பு வலி, தாளிக்கிற மணம் பட்டாலே குமட்டல். வாயு என்று இஞ்சிச் சாறு குடிப்பார்கள். கண் மஞ்சளாவதற்கு முன்னால் மூத்திரம்தான் சொல்லும், பால் சேர்க்காத கட்டன்சாயை நிறத்தில் போகும். உடனே நேற்றுச் சாப்பிட்ட ஹோட்டலைத் திட்டுவதில் பயனில்லை. இந்த வைரஸ் உள்ளே போய் நோய் தெரிய 15 முதல் 50 நாள், சராசரியாக நாலு வாரம் ஆகும். போன மாதம் எந்தக் கல்யாணத்துக்குப் போனீர்கள் என்று காலண்டரைப் பாருங்கள். இன்னொன்று, மஞ்சள் தெரிவதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே மலத்தில் வைரஸ் போகிறது. தெரிந்த பிறகும் ஒரு வாரம் அவர் அடுக்களையில் கைவைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மஞ்சளே தெரியாது, ஆனால் பரப்பும். கக்கூஸ் போய்வந்தால் சோப்பு கட்டாயம், கதவுப் பிடி, குழாய்த் தலை எல்லாவற்றையும் லிட்டருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த வெள்ளத்தால் துடைக்க வேண்டும்.

கீழாநெல்லி பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானே சரியாகும் நோய், அதனால் எதைக் கொடுத்தாலும் கேட்டது போலத் தெரியும். வீட்டு முற்றத்தில் பறித்த கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பதோடு சண்டை போட எங்களுக்கு ஆசையில்லை, மோருக்கு எடுத்த வெள்ளம் காய்ச்சினதா என்று மட்டும் கேட்போம். ஆனால் என்ன சேர்த்தது என்றே தெரியாத ஒற்றமூலிப் பொடி வேண்டாம். அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது இன்னும் வேண்டாம். எல்லா மஞ்சளும் ஒரே நோய் இல்லை. சாதாரண மஞ்சக்காமாலையில் கண் மஞ்சளானதும் காய்ச்சல் விட்டுவிடும். காய்ச்சல் விடாமல், கெண்டைக்காலைத் தொட்டாலே அலறுகிற வலியோடு, கண் செவந்து, மூத்திரம் குறைந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயலிலோ ஓடையிலோ இறங்கியவர் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. கர்ப்பிணிகளுக்கு மஞ்சள் வந்தாலும் அப்படித்தான். ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்குக் கடைசி மூன்று மாதத்தில் உயிருக்கே ஆபத்து.

ரிசல்ட் தாளில் ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ஆயிரத்துக்கு மேல் என்று பார்த்ததும் வீடே அழும். அந்த எண் மட்டும் பெரிதாக இருப்பது இந்த நோயில் சகஜம். டாக்டர் பார்ப்பது ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் பிடி ஐஎன்ஆர். அது 1.5க்கு மேல் போனாலோ, எஸ்ஜிபிடி குறைந்துகொண்டு வரும்போதே மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபின் ஏறிக்கொண்டு போனாலோ ஈரல் தளர்கிறது என்று அர்த்தம். வீட்டில் பார்க்க வேண்டியது பகலில் தூங்கி ராத்திரி முழித்திருப்பது, பேச்சுக் குழறுவது, ஈறில் ரத்தம், வாந்தி நிற்காமல் ஒன்றும் தங்காமல் போவது. இதில் ஒன்று தெரிந்தாலும் வண்டி பிடியுங்கள்.

பாரசிட்டமால் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கூடாது. சளி மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். உப்பில்லாப் பத்தியம், எண்ணெய் படாத சோறு என்று மூன்று வாரம் பட்டினி போட்டு ஆளை எலும்பாக்க வேண்டாம். கஞ்சியும் சிறுபயறும் முதல் நாட்களுக்குச் சரி, குமட்டல் விட்டதும் மீனும் முட்டையும் சாப்பிடலாம். கள்ளும் சாராயமும் ஈரல் பரிசோதனை முழுக்கச் சரியாகும்வரை வாசனைகூடப் பார்க்கக் கூடாது.

ஒரே வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்குத் தடுப்பூசி உண்டு, ஒரு வயது முடிந்த பிள்ளைகளிலிருந்து போடலாம். நோயாளியோடு பழகி இரண்டு வாரத்துக்குள் போட்டால்தான் இந்தத் தடவைக்குப் பயன். அரசு இலவச அட்டவணையில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

கிணற்று வெள்ளத்தைப் பரிசோதிக்கக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்தமான பாட்டில்தான் வேண்டும், மினரல் வாட்டர் பாட்டில் ஆகாது. ஐஸ் வைத்த பையில் 24 மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். 100 மில்லியில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குளோரின் போட்ட மறுநாள் எடுத்துக்கொண்டு போய் "எங்க கிணறு சுத்தம்" என்று தாளை ஃபிரேம் போட்டு மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். குளோரின் போடுவதற்கு முன்னால், நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து எடுங்கள்.